சித்தூர்ச் சீமையில் பெண்களின் பொறிக்கல்வி

திருப்பதி என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் உள்ளத்தில் ஏழுமலையும் கோவிந்த நாமமும் தோன்றுவது இயல்பு. முடி காணிக்கை, கல்யாண உற்சவம், லட்டுப் பிரசாதம் ஆகியவற்றோடு நம் நினைவு பெரும்பாலும் நின்று விடுகிறது. கடல் கடந்து வாழும் நம்மவர் பலர் தாயகம் செல்லும்போது, சென்னையில் இறங்கிய சில நாட்களுக்குள் திருப்பதிக்கு வண்டி ஏறுகின்றனர். தரிசனம் முடிந்த கையோடு திரும்பி விடுகின்றனர். அம்மலையின் அடிவாரத்திலும் அதைச் சூழ்ந்த சித்தூர்ச் சீமையிலும் பெண் மக்களின் கல்விக்காக எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வரும் முயற்சிகளைச் சற்று நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. அம்முயற்சிகளுள் பொறிகளைக் கையாளும் கல்வி, பெண்களையும் அவர்தம் குடும்பங்களையும் எவ்வாறு வந்தடைந்தது, எங்கே வேரூன்றியது, எங்கே நழுவியது என்பதை இங்கே ஆராய்வோம். அயல்நாட்டில் பெண் குழந்தைகளை வளர்க்கும் நமக்கும், ஊரில் தாயையும் தமக்கையையும் விட்டு வந்த நமக்கும் இதில் கற்க வேண்டியது உண்டு.

இச்சீமை நமக்கு வேற்று நிலமும் அன்று. 1911-ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆகும் வரையில் சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரியும் வரையில் சென்னையிலிருந்தே ஆளப்பட்டது. 1960-ல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. எனினும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் தெலுங்கு மக்களோடு கலந்து இன்றும் வாழ்கின்றன. 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்து அமைத்தபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

தந்தை தட்டிய கதவு

பெண்ணுக்குப் பொறியியல் ஏற்றதாகாது என்னும் எண்ணம் ஊறிக் கிடந்த காலத்தில், அக்கல்வியின் கதவு இப்பகுதிப் பெண்களுக்கு முதலில் திறந்த இடம் சென்னைக் கிண்டியாகும். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940-ஆம் ஆண்டில் அய்யலசோமயாஜுல லலிதா என்னும் தெலுங்குப் பெண்மணி சேர்ந்தார். பதினைந்தாம் வயதில் மணமாகி, பதினெட்டாம் வயதில் கணவரை இழந்து, நான்கு மாதக் கைக்குழந்தையோடு நின்றவர் அவர். கைம்பெண்ணை வீட்டு மூலையில் அமர்த்திய அந்நாளில், அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், கல்லூரி முதல்வரிடமும் கல்வித்துறை இயக்குநரிடமும் எடுத்துரைத்து அனுமதி பெற்றார். பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இருவரும் அங்கே சேர்ந்து லலிதாவின் தனிமையைப் போக்கினர். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தமையால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்பர்.

பின்னர் லலிதா கல்கத்தாவில் ஒரு மின்பொறிக் கம்பெனியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான வேலையிலும் பங்கு கொண்டார். 1964-ல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானியரின் முதலாவது அனைத்துலக மாநாட்டிற்கும் சென்று வந்தார்.

இவ்வரலாற்றை நாம் நினைவு கூர்வதற்குக் காரணம் உண்டு. லலிதாவின் அறிவாற்றலில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால், அந்த ஆற்றல் கல்லூரி வாசலை அடைவதற்கு ஒரு தந்தை முன் நடக்க வேண்டியிருந்தது. அவர் படிக்கும் காலத்தில் குழந்தையைப் பேணுவதற்கு ஒரு குடும்பம் முன்வர வேண்டியிருந்தது. மாணவி ஒருத்தி; அவளோடு சேர்ந்து மனம் மாற வேண்டியவர்களோ பலர். பெண்ணின் பொறிக்கல்வி எங்கு வெற்றி கண்டாலும் அதன் பின்னே இப்படி ஒரு வீடு நிற்பதைக் காணலாம்.

மலையடிவாரத்துக் கலாசாலைகள்

திருப்பதியில் பெண் கல்விக்குத் துணை நின்றவற்றுள் தேவஸ்தானம் குறிப்பிடத்தக்கது. 1952-ல் திருச்சானூர்த் தாயாரின் திருநாமம் தாங்கிய பத்மாவதி மகளிர் கல்லூரி தோன்றியது. பெண்களுக்கென ஒரு பாலிடெக்னிக்கையும் தேவஸ்தானம் நடத்தி வருகிறது. 1983-ல் என். டி. ராமராவ் ஆந்திர முதலமைச்சராக வீற்றிருந்தபோது, ஸ்ரீ பத்மாவதி மகிளா விசுவ வித்தியாலயம் என்னும் மகளிர் பல்கலைக்கழகம் திருப்பதியில் நிறுவப்பட்டது. நம் தமிழகத்தில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். கலைகளும் அறிவியலும் கற்பித்த திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் இப்பொழுது பொறியியலுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

பெண்களுக்கு மட்டுமான பொறியியற் கல்வி தேவையா என்று வினவுவோர் உளர். நாளை ஆலையிலும் அலுவலகத்திலும் ஆண்களோடு நின்று வேலை செய்ய வேண்டியவள், இன்று தனியே படித்தால் தயக்கம் தீருமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும், மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் கிராமத்துப் பெற்றோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேர்க்கடலை விதைத்தும் கறவை மாடு வளர்த்தும் பிழைக்கும் ஒரு குடும்பம், கணக்கில் கெட்டிக்காரியான தன் பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துவதா, மேலே படிக்க வைப்பதா என்று தடுமாறும் நேரத்தில், அருகிலேயே பெண்கள் மட்டும் பயிலும் ஒரு கலாசாலை இருப்பது அத்தடுமாற்றத்தைத் தீர்த்து வைக்கும். முதல் தலைமுறை வாசலைத் தாண்டிவிட்டால், அவள் பெறும் மகளுக்கு இந்தத் தடை இராது.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிலும் உயர் கலாசாலைக்கும் திருப்பதியில் இடம் உண்டு. 2015-ல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது ஐ. ஐ. டி., திருப்பதியில் தொடங்கப் பெற்றது. நாடெங்கும் உள்ள இக்கழகங்களில் பெண் மாணவியர் நெடுங்காலம் மிகச் சிறு தொகையினராகவே இருந்தனர். இக்குறையைப் போக்கும் பொருட்டு 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உண்டாக்கப்பட்டன. மற்றவர்களுக்குரிய இடங்களைக் குறைக்காமல் புதிய இடங்களைச் சேர்ப்பது இதன் முறை. அவ்வாண்டில் நூற்றுக்கு 14 என்றும், 2020-ல் நூற்றுக்கு 20 என்றும் மாணவியர் விகிதத்திற்கு இலக்கு வகுக்கப்பட்டது. இடம் இருக்கிறது என்று தெரிந்தால் பெண்ணைத் தேர்வுக்கு அனுப்பும் துணிவு வீட்டுக்கு வருகிறது.

குப்பத்துப் பெண்களின் காமிரா

பல்கலைக்கழகத்தின் படியை மிதிக்காத பெண்களின் நிலை என்ன? அதற்கு விடை தேட, சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள குப்பத்திற்குச் செல்வோம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் பாதையில், ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் இடம் அது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் சந்தையில் கலந்து ஒலிக்கும். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவைச் சட்டசபைக்கு அனுப்பி வரும் தொகுதியும் அதுவே.

2002-ல் ஹியூலெட் பாக்கார்டு என்னும் அமெரிக்கக் கணினிக் கம்பெனி, ஆந்திர அரசோடு கூடி, மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைக் குப்பத்தில் தொடங்கியது. கிராமங்களில் தகவல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. கணினிப் பயிற்சி, அரசு விண்ணப்பங்கள், தொலைபேசி, படி எடுத்தல் முதலிய உதவிகள் அங்கே கிடைத்தன. அத்திட்டத்தில் உலகத்தின் கவனத்தை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் சிலருக்கு டிஜிடல் காமிராவும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு அச்சுப்பொறியும், சூரிய ஒளியால் மின்சாரம் தரும் பலகையும் கொடுத்துப் பயிற்சி அளித்தனர். கிராமப் புகைப்படக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வழங்கிற்று.

அடையாள அட்டைக்கும் அரசு விண்ணப்பத்திற்கும் புகைப்படம் தேவை. அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போவது ஏழை மக்களுக்குப் பெருஞ்செலவு. இப்பெண்களோ தோளில் பையை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து, படம் எடுத்து, அங்கேயே அச்சிட்டுக் கொடுத்தனர். கிராம விசேஷங்களிலும் படம் எடுத்துக் காசு ஈட்டினர்.

இம்முயற்சியின் சிறப்பு எதில் இருந்தது? கருவியும் அதை இயக்கும் அறிவும் அதனால் வரும் கூலியும் ஒரே கையில் சேர்ந்திருந்தன. அந்தக் கை ஒரு பெண்ணின் கையாக இருந்தது. வகுப்பில் அமர்ந்து பொறியின் உறுப்புகளை ஒப்புவித்துச் சான்றிதழ் வாங்கிப் பெட்டியில் வைக்கும் கல்வியாக அது முடியவில்லை. காலையில் கற்றது மாலையில் உப்புக்கும் புளிக்கும் உதவியது. மனைவி பொறி தூக்கிச் செல்வதைக் கண்டு முணுமுணுக்கும் வீடும், அவள் கொண்டு வரும் பணத்தைக் கண்டபின் வாயடைத்து நிற்பது உலக இயல்பல்லவா?

ஆனால், இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. மூன்றாண்டுக் கெடு முடிந்த 2005-ல் அக்கம்பெனியின் தலைமையும் மாறியது. கம்பெனி குப்பத்தை விட்டு விலகிற்று. மானிடவியல் ஆராய்ச்சியாளரான ஆங்கே ஷ்விட்டே என்பவர் இத்திட்டத்தை ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார். ஊரின் நலமும் கம்பெனியின் வணிக நோக்கமும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை அது விவாதிக்கிறது. நாம் இங்கே எழுப்ப விரும்புவது எளிய வினாக்களே. அச்சுப்பொறிக்கு மை தீர்ந்தால் எங்கே வாங்குவது? காமிரா பழுதானால் யாரிடம் கொண்டு போவது? இவ்வினாக்களுக்கு ஊருக்குள்ளேயே விடை இருந்தாலன்றி, எத்தனை நல்ல திட்டமும் கொடுத்தவர் போனவுடன் தளரும். விதையோடு கிணற்றையும் வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பதே குப்பம் நமக்குப் புகட்டும் பாடம்.

வீட்டுக்கு ஒருவர் என்றால் எவர்?

அதன் பிறகு காலம் மாறியது. காமிராவும் கணினியும் தொலைபேசியும் ஒரே பொறியாகிச் சட்டைப் பைக்குள் புகுந்தன. ஆனால், யாருடைய சட்டைப் பை? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஆந்திர மாநிலத்தில் இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 48.8, பெண்கள் நூற்றுக்கு 21. இந்தியா முழுவதும் நோக்கினால் ஆண்கள் 57.1; பெண்கள் 33.3. ஒரே கூரையின் கீழ், ஒரே சோற்றை உண்ணும் இருவருக்கிடையே இந்த வேறுபாடு. கம்பியும் கோபுரமும் ஊருக்கு வந்துவிட்டன. வாசற்படிக்கும் அடுக்களைக்கும் இடையே உள்ள பத்தடி தூரத்தைத்தான் அவை கடக்கவில்லை.

2017-ல் மத்திய அரசு, கிராம மக்களுக்குக் கணினி எழுத்தறிவு ஊட்டப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. பதினான்கு வயது முதல் அறுபது வயது வரையில் உள்ளோருள், கற்றவர் இல்லாத வீட்டிற்கு ஒருவர் வீதம், ஆறு கோடிப் பேருக்கு இருபது மணி நேரப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். பொறியை இயக்குதல், மின்னஞ்சல் அனுப்புதல், அரசின் சேவைகளைப் பெறுதல், பணம் செலுத்துதல் ஆகியவை பாடங்கள். 2024 மார்ச்சில் அத்திட்டம் முடிவுற்றபோது பயிற்சி பெற்றோர் தொகை 6.39 கோடி. இது போற்றத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை.

எனினும், வீட்டுக்கு ஒருவர் என்னும் விதியைச் சற்று உற்று நோக்குவோம். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இடம் என்றால், அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்பவர் யார்? வேலை தேடும் மகனை அனுப்பலாம் என்று தந்தை எண்ணுவார். தாய்க்கோ மாலை நேரத்தில் மாடு கறக்க வேண்டும். மருமகளுக்கு அடுப்பு இருக்கிறது. பெண்ணுக்குத் தடை என்று எவரும் சொல்வதில்லை; அவளுக்கு நேரம் மட்டும் இருப்பதில்லை. ஒருவர் கற்றால் வீடு முழுவதும் கற்கும் என்பது நல்ல நம்பிக்கை. ஆயினும், கற்றவர் பிறருக்குக் கற்பிப்பதைக் காட்டிலும் பிறருக்காகத் தாமே செய்து கொடுத்துவிடுவதே வழக்கம். செய்து கொடுப்பது அன்பின் செயலாகத் தோன்றினாலும், பெறுபவரை என்றும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வைக்கிறது.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடு இருப்பதைப் பொறியின் மூலம் மெய்ப்பிக்கும் முறை 2014-ல் வந்தது. திருமலையில் முந்நூறு ரூபாய்ச் சிறப்பு தரிசனச் சீட்டையும் இணையத்தில்தான் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்டுப் பணத்தைக் கவரும் வஞ்சகர்களும் பெருகியிருக்கின்றனர். அந்த எண்ணின் பொருள் என்னவென்று அறியாத மூதாட்டி, கதவைத் திறந்து வைத்து உறங்குபவருக்கு ஒப்பாவார்.

ஸ்ரீஹரிக்கோட்டாவில் சிறுமியர்

இனி இளம் பெண்களிடம் வருவோம். 2022-ல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த ஸ்ரீஹரிக்கோட்டாவும் அதன் எல்லைக்குள் வந்தது. ராக்கெட்டுகள் விண்ணேறும் அத்தீவில் அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் ஒரு புதுமை நிகழ்ந்தது. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பின் வழிகாட்டலில், நாடெங்கும் உள்ள 75 பள்ளிகளின் 750 மாணவியர் பங்கு கொண்டு உருவாக்கிய ஆசாதிசாட் என்னும் செயற்கைக் கோள் அன்று ஏவப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ எட்டுக் கிலோ. ஒவ்வொன்றும் ஐம்பது கிராம் அளவுள்ள 75 சிறு கருவிகள் அதனுள் இருந்தன. பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில் பயில்பவர் இச்சிறுமியர். அவர்களுள் பலர் தாங்கள் கை வைத்த பொறி வானேறும் காட்சியைக் காண ஸ்ரீஹரிக்கோட்டாவுக்கே வந்திருந்தனர்.

அன்று ஏறியது இஸ்ரோவின் புதிய சிறு ராக்கெட்டு. அதற்கு அதுவே முதற் பயணம். மூன்று கட்டங்களும் நன்கே எரிந்தன. ஆனால், இரண்டாம் கட்டம் பிரிந்தபோது உண்டான அதிர்வால், முடுக்கத்தை அளக்கும் உணர்கருவிகள் பழுதுற்றதாக ராக்கெட்டின் கணினி கருதிவிட்டது. விளைவாக, 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய கோள், ஒருபுறம் 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் விடப்பட்டது. அத்தாழ்வில் காற்றின் உராய்வைத் தாங்கி எந்தக் கோளும் நிலைக்காது. சிறுமியரின் உழைப்பு சில நிமிடங்களில் மறைந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் அதைச் சொல்ல நமக்கு மனம் வந்திராது. பிழையின் காரணம் ஆராயப்பட்டது, ராக்கெட்டு திருத்தப்பட்டது, ஆசாதிசாட்-2 மீண்டும் உருவாயிற்று. 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் அதே தீவிலிருந்து ஏறிய இரண்டாம் ராக்கெட்டு, 450 கிலோமீட்டர் உயரத்தில் அதைச் செவ்வனே சேர்த்தது. பொறிக்கல்வியின் உயிர்நாடி இதுதான். இலக்கணப் பாடத்தில் தவறினால் மதிப்பெண் குறையும். பொறியில் தவறினால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் ஒரு பொருளை உடைத்துவிட்டால் பெண் பிள்ளைக்குக் கிடைக்கும் வசவு, அவளை மறுமுறை அதைத் தொடவொட்டாமல் செய்கிறது. தம்பி கடிகாரத்தைக் கழற்றினால் எஞ்சினியர் ஆவான் என்று மகிழ்கிறோம். அக்காள் கழற்றினால் அடக்கமில்லை என்கிறோம். நாடறிய ஒரு கோள் தவறியும் 750 சிறுமியரின் பெயரால் மற்றொன்று ஏறியது என்பதை நம் பெண் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம்.

நம் வீடுகளில்

கிண்டியில் ஒரு தந்தை, குப்பத்தில் கூலி தந்த கருவி, ஸ்ரீஹரிக்கோட்டாவில் இரண்டாம் முயற்சி ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கினால், நம் இல்லங்களுக்குரிய கடமை விளங்கும். ஊரில் உள்ள தாய்க்கு விலையுயர்ந்த கைப்பேசியை அனுப்புவது எளிது. விடுமுறையில் சென்று, அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் விரலாலேயே அழுத்தச் செய்து, நான்கு முறை தவறினாலும் பொறுத்திருப்பது அரிது. அக்கைப்பேசி அவர் பெயரில், அவர் வசத்தில் இருக்கட்டும். அழைப்பு, பணம், அரசு விண்ணப்பம் ஆகிய ஒவ்வொன்றையும் அவரே செய்யக் கற்கட்டும். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அண்டையில் உள்ள ஒரு மாணவியை ஏற்பாடு செய்தால், கிழவிக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே பயன் உண்டு. அப்பெண்ணுக்குச் சிறு தொகை கொடுத்தால் அதுவே அவளுக்கு முதற் சம்பளமாகும்.

இங்கே நம் சங்கங்களும் ஒரு முயற்சி செய்யலாம். தமிழ் வகுப்பு நடக்கும் வாரயிறுதியில் ஒரு மணி நேரத்தைத் தாயும் மகளும் சேர்ந்து கற்கும் பொறி வகுப்பிற்கு ஒதுக்கலாம். நம் அங்கத்தினருள் எஞ்சினியர்களுக்குப் பஞ்சமில்லை. மகளுக்குப் புரிந்ததைத் தாய்க்குத் தமிழில் விளக்கச் சொன்னால் மொழியும் வளரும். மகள் எதைக் கற்கிறாள் என்பதைத் தாயும் அறிவாள். அறியாத கல்விக்கே வீடு அஞ்சும். தானும் தொட்டுப் பார்த்த கல்விக்கு அஞ்சாது.

அரசின் ஏட்டில் வீட்டுக்கு ஒருவர் என்று எழுதியிருந்தது. பணமும் இடமும் குறைவாக உள்ள அரசுக்கு அவ்வாறு எல்லை வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம் வீட்டுக்கு அந்த எல்லை எதற்கு? பாட்டியும் தாயும் பெண்ணும் ஒரே பாயில் அமர்ந்து கற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.